கல்நார்த் தலையணை

பரவால்ல கண்ணு, ஜன்னலு தொறந்தே இருக்கட்டும். உன் தலைமுடி ரொம்பப் பறக்குதுன்னா பாதி சாத்திக்கலாம். முழுசாச் சாத்துனா எனக்கு முடியாது. நாலு படி ஏறி இந்த சீட்டுக்கு வர்றதுக்குள்ள மூணு தடவ நின்னேன், பாத்தீல்ல? கண்டக்டரு கூட விசிலு ஊதாம நின்னாரு, பாவம்.

நீயும் சேலந்தானா? நல்லதாப் போச்சு.

முன்னால, டிரைவருக்குப் பின் சீட்டுல, ஊதாப் புடவை கட்டிட்டு மடியில பெரிய கவரு வெச்சிருக்கா பாரு, உன்னயக் கெஞ்சி எனக்கு ஜன்னலோரம் வாங்கிக் குடுத்தாளே, அவதான் என்னய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறா. என் தம்பி பொண்டாட்டி. இன்பவள்ளின்னு பேரு. பேருல மட்டுந்தான் இன்பம். "அண்ணிக்குக் காத்து வேணும்"னு ஊருக்கே கேக்கற மாதிரி சொன்னாளா? அப்பத்தான நாலு பேரு அவள நல்லவன்னு சொல்லுவாங்க. சொல்லிட்டு அவ அங்க போயி உக்காந்துக்கிட்டா. பக்கத்துல இருந்தா நான் ஏதாச்சும் பேசிருவேன்னு பயம். இப்பப் பாரு, திரும்பிப் பாக்கறா. அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா பாப்பா. இருக்கனா போயிட்டனான்னு.

அந்தக் கவருல இருக்கறது என் நெஞ்சுப் படம்.

என்ன நோவுன்னு கேக்கற. டாக்டரு ஏதோ இங்கிலீசுப் பேரு சொல்றாரு. கல்நாரு தூசி நெஞ்சுல போயி உக்காந்துக்கிச்சாம். நான் கேட்டேன், "சார், எங்க ஊருல கல்நாரு குவாரி இருந்தது நெசம். ஆனா என் ஆயுசுல ஒரு நாளு அதுக்குள்ள நான் கால் வெச்சதில்ல. என் தம்பி என்னய விட்டதே இல்ல. அப்புறம் எப்படி சார்?" ஊருல பாதிப் பொம்பளைங்க அங்க கொட்டாயில உக்காந்து கல்லத் தட்டி நாரடிச்சாங்க. நான் போகல. என் தம்பி செங்கோடன் அப்படி வெச்சிருந்தான் என்னய.

நீ அந்தக் கல்லப் பாத்திருக்க மாட்டே. எங்கூருக்கு மேக்கால நரிக்கரடுன்னு ஒரு கரடு. பூராவும் கறுப்புப் பாறைதான். ஆனா பொளந்தா நடுவுல பச்சையா ஒரு கோடு ஓடும், ஒரு சாண் ரெண்டு சாண் அகலத்துக்கு. பாசிப் பச்சை. வெயிலு பட்டா பட்டு மாதிரி மினுங்கும். நெகத்தால கீறுனாப் போதும், வாழ மட்டையில நாரு உரிச்ச மாதிரி பிரிஞ்சு வரும். கல்லுல எங்கயாச்சும் நாரு இருக்குமா? இருந்துச்சு. கையில வெச்சுக் கசக்குனா பஞ்சாயிரும். நெருப்புல போட்டா எரியாது. கூரை சீட்டுக்கும், பாய்லருக்குச் சுத்துற கயித்துக்கும் லாரி லாரியாப் போச்சு. எங்கூரு கல்லு எங்கெங்கயோ போயிருக்குன்னு எங்களுக்கு அப்ப ஒரு பெருமை.

என் கதை சின்னதுதான். கட்டிக் குடுத்த எடத்துல மூணு வருசம் இருந்தேன். புள்ளை இல்லைன்னு அந்தாளு வேற ஒருத்தியக் கூட்டிட்டு வந்துட்டான். நான் ஒரு தகரப் பொட்டியோட அப்பன் வீட்டுக்கு வந்தேன். அப்புறம் எங்கம்மா போச்சு, அடுத்த வருசமே அப்பன். தம்பிக்கு அப்பப் பன்னெண்டு வயசு. நாந்தான் வளத்தேன். பொறந்த வீடுதான், ஆனா வாழாம வந்தவளுக்கு அங்க என்ன பாத்தியதை? வேலை செஞ்சாத்தான் எடம். யாரும் சொல்லல, எனக்கே தெரியும். அதனால ஒரு துரும்ப அடுத்தவங்க நகத்த விட மாட்டேன். சமையலு என்னுது, சாவி என்னுது, தண்ணி எடுக்கறது என்னுது.

அவன் வளந்து குவாரிக்குப் போனான். கொட்டாயில நார் அடிக்கற மெஷினுகிட்ட வேலை. சாயங்காலம் வர்றப்பப் பாக்கணுமே! தலை, புருவம், சட்டை எல்லாம் வெள்ளையும் பச்சையுமா, நெல்லுப் புடைக்கறப்ப ஒட்டுமே உமி, அந்த மாதிரி. நான் தெருவுலயே நின்னு சட்டையக் கழட்டி வாங்கிருவேன். நல்லா நாலு ஒதறு ஒதறுவேன். ஒதறாம தண்ணியில போட்டா சேறா ஒட்டிக்கும், போவாது. வேலிக் கல்லுல தட்டி, மறுபடி ஒதறி, அப்புறந்தான் தொவைப்பேன். என் கையி கழுத்தெல்லாம் வெயில்ல மினுமினுன்னு மினுங்கும். எதுத்த வீட்டுக்காரி, "பாவாயக்கா, நகை போட்ட மாதிரி இருக்கீங்க"ம்பா. நகையே இல்லாதவளுக்கு அது நல்லாத்தான் இருந்துச்சு.

அப்புறம் இவ வந்தா.

வந்த பதினஞ்சாம் நாளே சமையலு அவ கைக்குப் போயிருச்சு. நல்லாத்தான் சமைக்கறா, இல்லைங்கல. சாவியும் போச்சு. அது அப்படித்தான், வீட்டுக்கு வந்தவ கைக்குப் போவ வேண்டியதுதான். ஆனா ஒரு நாளு சாயங்காலம், நான் தெருவுல சட்டைய ஒதறிட்டு இருக்கேன், இவ உள்ள இருந்து ஓடியாந்து என் கைய எட்டிப் பிடிக்கறா.

"அண்ணி, ஒதறாதீங்க. உங்களக் கும்பிடறேன், ஒதறாதீங்க."

"ஏம்மா, என் தம்பி சட்டைய நான் ஒதறக் கூடாதா?"

"யாருமே ஒதறக் கூடாது. வேலிகிட்ட வாளியில தண்ணி வெக்கறேன். அவரே கழட்டி அதுல முக்கிட்டு, அங்கயே குளிச்சிட்டு உள்ள வரட்டும். துணிய அவரே அலசிக்கட்டும்."

பாத்தியா? கட்டுன புருசன் சட்டையத் தொட அருவருப்பு. வேலை செஞ்சிட்டு வர்றவன வேலியோரம் நிக்க வெச்சு, தீட்டுக்காரன் மாதிரி குளிக்கச் சொல்றா. நான் சிரிச்சேன். "நீ தொவைக்க வேண்டாம்மா, மகராசி. நான் இருக்கேன் தொவைக்க"ன்னேன்.

அப்பத்தான் சொன்னா, அவங்கம்மா ஆந்திராப் பக்கம் இதே மாதிரி ஒரு கல்நாரு குழியில நாரடிச்சவளாம். நாப்பத்தோரு வயசுல இருமி இருமிச் செத்தாளாம். கல்யாணம் பேசறப்ப ஒருத்தர் வாயத் தொறக்கல இதைப் பத்தி. நான் அப்பவே சொன்னேன், அது டிபி, டிபி வீட்டுப் பொண்ண மறச்சுத் தள்ளிட்டாங்கன்னு. அவ முன்னாலயே சொன்னேன். அவ பாட்டுக்கு மறுநாளும் வாளியில தண்ணி வெச்சா. நான் அவ வர்றதுக்கு முந்தி தெருமுனைக்கே போயி சட்டைய வாங்கிட்டு வந்து, பக்கத்துச் சந்துல ஒதறித் தொவைச்சுப் போட்டேன். வருசக்கணக்கா இதுதான் எங்களுக்குள்ள. அவ வாளி வெப்பா, நான் தெருமுனைக்குப் போவேன். என் தம்பி ரெண்டு பேருக்கும் நடுவுல ஒண்ணுஞ் சொல்ல மாட்டான். சிரிப்பான்.

தண்ணி வெச்சிருக்கியா கண்ணு? ஒரு வாய். போதும், போதும்.

பொண்ணு பொறந்துச்சு. பிருந்தான்னு பேரு. என் மடியிலதான் மொதல்ல போட்டாங்க. என்னமோ போ கண்ணு, எனக்கு அதுவரைக்கும் தெரியாது, ஒரு உசுரு நம்ம வெரலப் பிடிச்சிக்கிட்டா எப்படி இருக்கும்னு. அந்தப் புள்ளைக்கு என் கையால ஒண்ணு செய்யணும்னு நெனச்சேன். எலவம்பஞ்சுத் தலகாணி எல்லாரும் செய்வாங்க. நான் தம்பிகிட்டச் சொன்னேன், மெஷினுக்கு அடியில மெல்லிசாப் பொங்கி நிக்குமே, அந்தப் பச்சைப் பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமா சோத்துப் பையில போட்டு எடுத்துட்டு வான்னு. பதினோரு நாளு உக்காந்து பொறுக்குனேன். ஒரு கல்லுப் பொடி இருக்கக் கூடாதே, புள்ளை தலையில உறுத்துமே. ஊதி ஊதி எடுத்தேன். என் கல்யாணப் பட்டுல ஒரு துண்டு கிழிச்சு உறை தெச்சேன். அவ்வளவு மெத்துனு இருந்துச்சு. கையி வெச்சா உள்ள போயிட்டே இருக்கும்.

முப்பதாம் நாளு தொட்டிலுல போடறப்ப அந்தத் தலகாணிய எடுத்துட்டு வந்து வெச்சேன். சொந்தம் பூராவும் இருக்கு. "எங்க கரட்டுப் பஞ்சு"ன்னு சொன்னேன். அவ்வளவுதான். அவ மொகம் வெளுத்துப் போச்சு. புள்ளையத் தூக்கி சொந்தக்காரி ஒருத்தி கையில குடுத்தா. ஒரு சாக்க நனைச்சு எடுத்தாந்தா. தலகாணிய அந்த ஈரச் சாக்குல சுத்துனா, செத்த எலியச் சுத்தற மாதிரி. என் தம்பியக் கூப்பிட்டா. "குழி வெட்டுங்க"ன்னா. அவனும் வெட்டுனான் கண்ணு! என் தம்பி! நான் பாத்துட்டே நிக்கறேன், முட்டிக்கால் ஆழம் வெட்டி, என் கல்யாணப் பட்ட அதுல போட்டு மூடுனான். அவ புள்ளையக் குளிப்பாட்டி, தொட்டிலத் தொடச்சு, தரையக் கழுவி விட்டா. சொந்தக்காரங்க எல்லாம் பாயாசத்தக் கையில வெச்சிட்டு என்னயப் பாக்கறாங்க.

வந்து எங்கால்ல விழுந்தா, அது நெசம். "எங்கம்மா இதுலதான் போனாங்க அண்ணி. மன்னிச்சிருங்க, ஆனா எம்புள்ளைக்கு வேண்டாம்"னா. நான் காலை இழுத்துக்கிட்டேன். மூணு நாளு சாப்பிடல. எங்க போறது சொல்லு? அடுத்தவளா இருந்தா கோவிச்சிட்டு அப்பன் வீட்டுக்குப் போவா. நான் இருந்ததே அப்பன் வீடு. அந்தத் தகரப் பொட்டிய எடுத்து வெச்சிட்டு வாசல்ல ஒரு பகலு முழுக்க உக்காந்திருந்தேன். அப்புறம் உள்ள கொண்டு போயி வெச்சேன்.

பொட்டிக்குள்ள மிச்சப் பஞ்சு இருந்துச்சு.

சொல்லிர்றேன் கண்ணு. நீ சேலத்துல எறங்கிப் போயிருவே. புள்ளைக்கு எட்டு மாசம் ஆனதும் இவ ஸ்பின்னிங் மில்லுக்கு வேலைக்குப் போனா. காலையில போனா சாயங்காலம்தான். புள்ளை எங்கிட்ட. நான் இன்னொண்ணு தெச்சேன். பழைய வேட்டித் துணியில, கொஞ்சம் சின்னதா. பகல்ல தூங்கறப்ப தலைக்கு வெப்பேன், அவ வர்ற நேரத்துக்குப் பொட்டிக்குள்ள வெச்சிருவேன். புள்ளை அதுல மொகத்த அமுக்கிட்டு என்ன தூக்கம் தூங்கும் தெரியுமா? நடக்கற வயசுல ஒரு மூலை பிரிஞ்சு போச்சு. வெரல விட்டுப் பஞ்ச எடுத்து ஊதும். வெயிலு விழுற எடத்துல அது தங்கப் பொடி மாதிரி பறக்கும். "அத்த, பூச்சி, பூச்சி"ன்னு கைதட்டிச் சிரிக்கும். நானும் ஊதுவேன். எங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச வெளையாட்டு அது. அந்த வீட்டுல அவளுக்குத் தெரியாம எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். ரெண்டு வருசம்.

அப்புறம் இவ என் தம்பிய அரிச்சு அரிச்சுக் குவாரிய விட வெச்சா. எல்லாரும் பள்ளிபாளையம் போயிட்டோம், அவன் தறிக்குப் போனான். கெளம்பற அன்னிக்குப் பொட்டியில எடமில்லைன்னு அந்தத் தலகாணிய அங்கயே அடுப்புல போட்டேன். துணிதான் எரிஞ்சுச்சு. பஞ்சு அப்படியே கெடந்துச்சு. நாலஞ்சு வருசத்துல குவாரியும் மூடிட்டாங்க.

தம்பி போயி ஆறு வருசமாச்சு. மொதல்ல டிபின்னு மாத்திரை குடுத்தாங்க, கேக்கல. கடைசியில படுக்க முடியாம உக்காந்துட்டே இருந்தான். உக்காந்த மேனிக்கே போயிட்டான். அவன் போனதும் நான் நெனச்சேன், இனிமே நான் யாரு இவளுக்கு? அனுப்பிருவான்னு. அனுப்பல. காரியம் முடிஞ்ச மறுநாளு, "அண்ணி, உங்க பிரஷர் மாத்திரை தீந்து போச்சா?"ன்னு கேட்டா. அவ்வளவுதான். அனுப்பியிருந்தாக்கூட ஒரு வழி தெரிஞ்சிருக்கும்.

எனக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சு ஒண்ணரை வருசம். சாக்குக்குள்ள தலைய விட்டுக் கட்டுன மாதிரி இருக்கு. சேலத்து டாக்டரு படத்த வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டுத்தான் குவாரியப் பத்திக் கேட்டாரு. நான் இல்லவே இல்லைன்னேன். இவ சொன்னா, "டாக்டர், எங்க வீட்டுக்காரர் துணிய இவங்கதான் தொவைச்சாங்க. ஒதறி." அவரு தலைய ஆட்டுனாரு. அந்த நாரு ஒடம்புக்குள்ள கரையறதே இல்லையாம், போனது போன எடத்துல தங்கிருமாம், இருவது முப்பது வருசம் கழிச்சு வேலையக் காட்டுமாம். அப்புறம் கேட்டாரு, "வீட்டுல வேற யாரு இருந்தாங்க?"

இவ நிமிந்து உக்காந்தா. "எம்பொண்ணு. ஆனா அவ மேல நான் அந்தத் தூசி படவே விடல டாக்டர். பொத்திப் பொத்தி வளத்தேன்"னா. அந்த மொகத்துல ஒரு பெருமை பாரு கண்ணு. இத்தன வருசத்துல அவ பெருமையாப் பேசி அன்னிக்குத்தான் கேட்டேன்.

நான் வாயத் தொறக்கல. என்னன்னு தொறக்கறது? சொன்னா அந்த வாளி, அந்தக் குழி, அவங்கம்மா, எல்லாத்துலயும் அவ ஜெயிச்சவளா ஆயிருவா. சொல்லாட்டி... பிருந்தா ஈரோட்டுல ஸ்கூல்ல கணக்கு டீச்சரு. வாரா வாரம் போன் பண்ணுவா. எங்கிட்டப் பேசறப்ப நடுவுல ஒருக்கா இருமுனா. மழையில நனைஞ்சேன் அத்தைன்னா. அன்னிக்கு நான் சாப்பிடல. அடுத்த வாரமும் போனக் காதுல வெச்சுட்டு அவ பேசறதக் கேக்கல, இருமறாளான்னே கேட்டுட்டு இருந்தேன். ரெண்டு மாசம் அப்படி. நெஞ்சுல அடைச்சது நாரா, இந்தப் பயமான்னு எனக்கே தெரியல.

ஒரு நாளு காலையில இவ தோசை ஊத்திட்டு இருக்கா. நான் சமையக்கட்டு நெலையப் பிடிச்சிட்டு நின்னு சொல்லிட்டேன். ரெண்டாவது ஒண்ணு தெச்சேன்னு. புள்ளை அதுல படுத்துச்சுன்னு.

அவ கேஸை அணைச்சா. திரும்பல. "எத்தன மாசம்?"னா.

"ரெண்டு வருசம்."

தரையில உக்காந்துட்டா. கரண்டி கையிலயே இருக்கு. நான் காத்துட்டே நிக்கறேன், இப்பக் கத்துவா, இப்ப அடிப்பான்னு. என்னய வெளியில போன்னு சொல்லுவா, நானும் அந்தப் பொட்டிய எடுத்துட்டுப் போயிருவேன், கணக்கு தீந்துரும்னு. எந்திரிச்சா. மொகத்தக் கழுவுனா. கேஸைப் பத்த வெச்சு, இன்னொரு தோசை ஊத்தி, தட்டுல போட்டு எங்கிட்ட நீட்டுனா. "சாப்பிடுங்க அண்ணி, மாத்திரை போடணும்"னா. அப்புறம் போன எடுத்துட்டுப் பின்பக்கம் போனா.

அன்னிக்கு இருந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை திட்டல. இதுதான் கண்ணு என் கொறை. யாருகிட்டச் சொன்னாலும் "எவ்வளவு நல்லவ"ன்னுதான் சொல்லுவாங்க. சோறு போடறா, குளிக்க வெந்நி வெக்கறா, முதுகத் தேச்சு விடறா. நான் அவ கைக்குள்ளயே கெடக்கேன். திட்டியிருந்தா நானும் நாலு பதிலு பேசிட்டு செத்தாவது போயிருப்பேன்.

பிருந்தா வந்தா. சேலத்துக்குத்தான் கூட்டிட்டுப் போனோம். அந்தப் பெரிய மெஷினுக்குள்ள படுக்க வெச்சுப் படம் எடுத்தாங்க. டாக்டரு, "இப்ப ஒண்ணும் தெரியல. வரலாம், வராமலேயும் போவலாம். வருசத்துக்கு ஒருக்கா வந்து பாத்துக்கணும்"னாரு. "எத்தன வருசத்துக்கு?"ன்னு இவ கேட்டா. அவரு அடுத்த வருசத் தேதிய எழுதிக் குடுத்தாரு.

வெளிய வந்து மூணு பேரும் டீக்கடை பெஞ்சுல உக்காந்தோம். இவ டீ வாங்கப் போயிருந்தா. பிருந்தா எங்கிட்ட நகந்து உக்காந்து, "எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல அத்தை. எப்படி இருந்துச்சு அது?"ன்னு கேட்டா. நான் சொன்னேன், நீ பூச்சி பூச்சின்னு கைதட்டுவே, நான் ஊதுவேன்னு. அவ அப்புறம் என் முந்தானை நுனியப் பிடிச்சு, சின்ன வயசுல பிடிப்பாளே, அப்படிப் பிடிச்சுக்கிட்டா. கோவமா, பாசமான்னு எனக்குப் பாக்கத் தெரியல.

சேலம் அஞ்சு ரோடு வந்துருச்சு போல. அவ எந்திரிச்சிட்டா பாரு, என்னய எறக்கறதுக்கு. இரு, ஒண்ணே ஒண்ணு சொல்லிர்றேன்.

எனக்கு அறுவத்திரண்டு. இன்னும் ரெண்டு வருசமோ மூணு வருசமோ. பிருந்தாவுக்கு இருபத்தாறுதான். இனிமே வருசா வருசம் அவ போயி அந்த மெஷினுக்குள்ள படுக்கணும். மூச்சைப் பிடிச்சுக்கோங்கன்னு உள்ள ஒரு கொரலு சொல்லும். அப்ப அவ என்னயத்தான் நெனப்பா. நான் இல்லாத வருசத்துலயும் நெனப்பா. வேற யாரு இருக்கா கண்ணு, என்னய நெனைக்கறதுக்கு?